மாதிரியுடன் ஒத்துப்பார்த்தேன், சரியில்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அவரவர் கோபத்தோடு நன்றாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, ஆபீஸில் அந்த நாற்காலியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா இல்லையா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. போனில் சொல்லாதே, போனில் நீ "எல்லாம் ஓகேம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். நான் இதைக் கடிதமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ மூன்றாவதை ஆரம்பித்துவிடுகிறாய். தாளில் குறுக்கே பேச முடியாது, பார்.

இந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பார். பின்பக்கத்தில் இருப்பது நீ எனக்காக எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதம். உன் அப்பா அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கப் போனார், கடைக்காரரோ பேச்சு சுவாரசியத்தில் ஒன்றுக்குப் பதில் பன்னிரண்டு எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல கெட்டித் தாள், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அருமையாக எழுதியிருக்கிறாய். "நிர்வாகத்திற்கு ஏற்பட்ட சங்கடத்திற்கு மனதார வருந்துகிறேன்" என்கிற இடத்தில் எனக்கே என் மேல் இரக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு குறைதான், அதை நான் எழுதவில்லை, நான் அப்படி வருந்தவும் இல்லை. அதனால் அடியில் நீ புள்ளிக்கோடு வைத்திருந்த இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் அம்மா மனம் மாறியிருப்பாளோ என்று நீ பக்கம் பக்கமாகத் தேட வேண்டாம்.

உனக்குத் தங்கை சொன்ன கதை பாதிக் கதை. அவள் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், அழுகையில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். நான் முழுதாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் வகுப்புகளைக் கூட்டிப் பெருக்கும்போது என்ன வரும் தெரியுமா? உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேல், மூடியில்லாத பேனா, தீர்ந்த ரீஃபில், ஜிகினா ஒட்டிய பென்சில், பாதி கடித்த ரப்பர், பொம்மை முகம் போட்ட ஷார்ப்பனர். பதினெட்டு சாக்கு, இருபது சாக்கு. அந்தச் சாக்குகள் மைதானத்துக்குப் பின்னால் போய், யாரோ ஒருவர் தீ வைத்து, இரண்டு நாள் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்போம். ஆறு வருஷம் முன்னால் நான்தான் எழுதிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்கு நாமே கொடுக்கிற எழுதுபொருளாவது மண்ணில் மக்குகிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆறு வருஷம் அந்தத் தாள் எந்த ஃபைலில் தூங்கியதோ, இந்த வருஷம் திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. பிளாஸ்டிக் இல்லாத பள்ளி என்று அறிவிக்கப் போகிறோம், பெரிய விழா, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பை, பைக்குள் பென்சில், ரப்பர், ஸ்கேல், ஷார்ப்பனர், ஃபைல், எல்லாமே சூழலுக்குக் கேடு செய்யாதவை, மாதிரிகளை வரவழைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று என்னிடமே சொன்னார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உன் அப்பாவிடம் கேள், அந்த வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை, பென்சிலாகக் கிடந்தது.

மூன்று இடத்திலிருந்து மாதிரி வந்தது. நான் ஒவ்வொன்றையும் சீவினேன், எழுதினேன், மேஜையிலிருந்து கீழே போட்டு உள்ளே ஊக்கு, அந்தக் கரிக்குச்சிதான், உடைகிறதா என்று பார்த்தேன், தண்ணீரில் போட்டேன், ஒன்றை எரித்தும் பார்த்தேன். இருப்பதிலேயே அழகில்லாத பென்சிலைத் தேர்ந்தெடுத்தேன். பழைய செய்தித்தாளை ஊக்கைச் சுற்றி இறுக்கி உருட்டிச் செய்தது, மேலே பெயிண்ட் கிடையாது, முனையில் தகரம் கிடையாது, கையில் பிடித்தால் யாரோ ஒருவரின் திருமண விளம்பரத்தில் பாதி தெரியும். நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்னப் பட்டறை, அக்கா தங்கை இரண்டு பேரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து செய்கிறார்கள். எழுத்து கொஞ்சம் மங்கல்தான், அதையும் மறைக்காமல் எழுதி வைத்தேன். பொருள் வாங்குகிற குழுவில் எல்லாரும் பார்த்துத் தலையாட்டினார்கள். மாதிரியில் எல்லாருடைய கையெழுத்தோடும் ஒரு சீட்டு ஒட்டி என் அலமாரியில் பூட்டி வைத்தேன். அது இன்றைக்கும் இருக்கிறது.

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சரக்கு வந்தது. நூற்று நாற்பது பெட்டி. பெட்டி மேல் பச்சை இலைப் படம், ஒரு பூமி உருண்டை, அதைத் தாங்குகிற இரண்டு கை. அனுப்பியவர் பெயர் நான் கேள்விப்படாத பெயர். பட்டறையால் நேரத்துக்குத் தர முடியாதாம், அதனால் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம், எனக்குச் சொல்ல மறந்துவிட்டதாம். சரி என்று முதல் பெட்டியைப் பிரித்தேன். ஒவ்வொரு பென்சிலும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தது. ஷார்ப்பனருக்கு ஓர் உறை, ரப்பருக்கு ஓர் உறை, இவை எல்லாவற்றையும் போட்டு வைத்த துணிப்பைக்கு ஓர் உறை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பென்சிலை எடுத்தேன். வெளியே செய்தித்தாள் மாதிரியே இருந்தது, ஆனால் எடுத்த எல்லாப் பென்சிலிலும் ஒரே செய்தி. நகத்தால் சுரண்டினேன், சவ்வு மாதிரி உரிந்தது, உள்ளே கருஞ்சாம்பல் நிறம். இரண்டு கையால் பிடித்து வளைத்தேன், வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. சீவினால் தூளாகவும் இல்லை, காகிதச் சுருளாகவும் இல்லை, ஒரே நீள ரிப்பனாகச் சுருண்டு சுருண்டு வந்தது, இழுத்தால் நீள்கிறது. அசல் பிளாஸ்டிக்டா. பழவாசனை அடித்த ரப்பரை ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் வைத்துவிட்டு வந்தேன், நாலு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. இயற்கை ரப்பராக இருந்தால் இப்படி ஸ்கேலை அரித்துக்கொண்டு ஒட்டுமா? பைக்கு வெளியே பருத்தி, உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் லைனிங். பொய் சொல்லக் கூடாது, மூங்கில் ஸ்கேல் மட்டும் நிஜமான மூங்கில். அதை மட்டும் நான் அன்றைக்கே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பென்சில் முனையில் ஒரு குப்பி, அதற்குள் விதை, எழுதித் தீர்ந்ததும் நட்டால் செடி வரும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். உன் அப்பா ஆறு தொட்டியில் நட்டுவிட்டு, தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். மூன்று வாரம் கழித்துத் தோண்டினால் குப்பி போட்டது போட்டபடி, துடைத்தால் திரும்ப விற்கலாம். "முப்பது வருஷம் கரண்டு கம்பத்துல ஏறி எறங்கினவன் நான், என்னையே இந்தக் குப்பி ஏமாத்திருச்சே" என்று அவர் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

என் வேலை ரொம்பச் சின்ன வேலை, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். சரக்கு வந்தால் ஒரு தாளில் "மாதிரியுடன் ஒத்துப்பார்த்தேன், சரியாக உள்ளது" என்று அச்சடித்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் சரக்கு வகுப்புக்குப் போகும். நான் போடவில்லை. நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மெல்லிசை. மனுஷன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, வேலையை விட்டு நிறுத்தினால்கூடத் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் சொல்வார். "பென்சில்தானேம்மா, எழுதுதா இல்லையா?" என்று கேட்டார். "எழுதுது சார். நான்தான் எழுத மாட்டேன்" என்றேன். அவருக்குச் சட்டென்று புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார். சரிம்மா, யோசிச்சுப் பாருங்க என்று அனுப்பிவிட்டார். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? திரும்பி வந்து இரண்டு கண்ணாடி ஜாடியை எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன், ஒன்றில் மிச்சமிருந்த இன்னொரு மாதிரிப் பென்சில், ஒன்றில் வந்த பென்சில், இரண்டிலும் தேதி எழுதி ஒட்டி ஸ்டோர் கவுண்டர் மேலேயே வைத்தேன். சாக்பீஸ் வாங்க, டஸ்டர் வாங்க, வருகைப் பதிவேடு வாங்க யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் போக முடியாது. நான்காம் நாள் மாதிரிப் பென்சிலில் காகிதம் ஊறிப் பிரிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் ஊக்கு தனியாகக் கீழே விழுந்து, காகிதம் கூழாகிவிட்டது. இன்னொன்று ஜாடியில் மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது. டிராயிங் வாத்தியார் தினமும் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார், அவர் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் தினமும் வந்தார். ஜாடியை எடுத்துவிடுங்கள் என்று மெல்லிசை ஆள் அனுப்பினார். ஸ்டோரில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக நான்தான் முடிவு செய்கிறேன், இதையும் நானே முடிவு செய்துகொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் உன் தங்கையைப் பற்றிப் பேசினார். நீ கோபப்படுவாய் என்று தெரியும், ஆனால் அவர் மிரட்டவில்லை, அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னைத் தேடி ஸ்டோருக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "சின்னப் பொண்ணு நல்லா பாடம் நடத்துறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. எல்லாம் நல்லபடியா முடியணும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போகும்போது ஜாடியைப் பார்த்து ஒரு புன்சிரிப்பு. மூன்று வருஷமாக நாலாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறாள் அவள், அந்த ஒரு ஃபைலுக்காகத் தொண்டை கட்டினாலும் லீவு போடாமல் போனவள். சாயங்காலம் வீட்டில் மறைக்காமல் சொன்னேன். சொன்னது தப்போ என்று இப்போதும் தோன்றுகிறது. "உனக்கு உன் பென்சில்தான் முக்கியம், பெத்த பொண்ணு முக்கியமில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள், ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டியது எல்லாவற்றையும் அப்பா வழியாகச் சொன்னாள். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கப்பா" என்பாள். உனக்குப் போன் செய்து அழுததும் அப்போதுதான், நீ உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதியதும் அப்போதுதான்.

நீ போனில் என்னிடம், "அம்மா, நீ ஹீரோயின் ஆகணும்னு ஆசப்பட்டு அவ வாழ்க்கைல விளையாடாத" என்றாய். அது எனக்கு நன்றாகவே வலித்தது. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை, இதை உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாம் நாள் ஸ்டோரைத் திறந்ததும் அந்தத் தாளை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டும்விட்டேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். அப்போது டிராயிங் வாத்தியார் ஓர் அட்டையைக் கொண்டுவந்தார், ஒட்டுவதற்கு டேப் வேண்டுமாம். விழாவில் பிள்ளைகள் எடுக்கிற உறுதிமொழியை அவருடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மூன்றாவது வரி, "என் கையில் இருக்கும் இந்தப் பென்சில் மண்ணுக்கே திரும்பும்." அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஜாடியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒன்பது வயசுப் பிள்ளை கையை நேராக நீட்டிக்கொண்டு அதைச் சொல்லும், முழு நம்பிக்கையோடு சொல்லும். அந்த நம்பிக்கைக்கு அடியில் யார் கையெழுத்து இருக்கப் போகிறது? என் கையெழுத்து. நான் போட்ட அந்த ஒற்றை எழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் "ஒத்துப்பார்த்தேன், சரியில்லை" என்று எழுதி, தேதி போட்டு, அதற்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெல்லிசையின் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். ஹீரோயின் ஆகிற வயசா எனக்கு, முட்டி வலியோடு மாடிப்படி ஏறி இறங்குகிறவள். நான் ஒரு ஸ்டோர் கீப்பர். பார்த்ததைப் பார்த்தேன் என்றும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் எழுதுவதற்குத்தான் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் என் தாளை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வேறு ஒருவரை வைத்துப் பெட்டிகளை வகுப்புகளுக்கு ஏற்றிவிட்டார்கள். என்னை விழாவுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் போனேன். அரங்கத்தில் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கதவோரமாக நின்றேன். மேடையில் நிர்வாகக் குழுத் தலைவி, மெல்லிசை, தலைமை ஆசிரியை, பின்னால் பெரிய பச்சைத் திரை. உன் தங்கை நாலாம் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள், என் பக்கம் திரும்பவே இல்லை. உறுதிமொழி ஆரம்பித்தது. எழுநூறு பிள்ளைகள், எல்லாரும் ஆளுக்கொரு பென்சிலைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார்கள். முதல் வரி சேர்ந்து சொன்னார்கள், இரண்டாவது வரி சேர்ந்து சொன்னார்கள். மூன்றாவது வரியில் அரங்கம் முழுக்க "மண்ணுக்கே திரும்பும்" என்று முடித்துவிட்டது, நாலாம் வகுப்பு மட்டும் முடிக்கவில்லை. அவர்கள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வரி நீளம். மற்ற குரலெல்லாம் அடங்கின பிறகு நாற்பது குரல் மட்டும் தனியாகக் கேட்டது, "…எதனால் செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்." பெரியவனே, எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. முழு வரியும் பிறகுதான் தெரிந்தது: "என் கையில் இருக்கும் இந்தப் பென்சில் எதனால் செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்." உன் தங்கை எழுதியது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அதோடு முடிந்திருந்தால் ஏதோ ஒரு வகுப்பு தப்பாக மனப்பாடம் செய்துவிட்டது என்று போயிருக்கும். பிள்ளைகள் நம்மைப் போல இல்லையே, கேட்பேன் என்று சொன்னால் கேட்டுவிடுகிறார்கள். அந்த வகுப்பின் முன் வரிசையில் பல் விழுந்த ஒரு பெண் நீட்டின கையை இறக்காமல் மேடையைப் பார்த்து, "மிஸ், இது எதுல செஞ்சது?" என்று கேட்டாள். தலைவிக்கு அது பிடித்துவிட்டது, அவர் சிரித்துக்கொண்டே "நல்ல கேள்வி! யாருக்குத் தெரியும், சொல்லுங்க பாப்போம்" என்று மைக்கில் கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மெல்லிசை எழுந்து அடுத்த நிகழ்ச்சி என்று ஆரம்பித்தார், அவருடைய குரல் மைக் இல்லாமல் பத்தடி போகாது. தலைவி விடவில்லை, "ஸ்டோர் யார் பாக்குறாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். எழுநூறு தலை திரும்புகிறதை நீ பார்த்திருக்கிறாயா? நான் கையைத் தூக்கினேன். "பிளாஸ்டிக்தாம்மா" என்றேன். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "நீங்க செக் பண்ணலையா?" என்று கேட்டார். "பண்ணேம்மா. அதனாலதான் கையெழுத்து போடல. எழுதிக் குடுத்திருக்கேன், ஆபீஸ்ல இருக்கு" என்றேன். நாலாம் வகுப்பில் எவனோ ஒருவன் அதற்குள் பென்சிலை வளைத்துப் பார்த்துவிட்டு "ஏய், வளையுதுடா!" என்றான். பிறகு என்ன, எழுநூறு பேரும் வளைத்தார்கள்.

வெளியே வந்ததும் உன் தங்கை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் போனேன். மருந்துக் கடைத் திருப்பத்தில் நின்றாள், நான் வந்து சேரும்வரை நின்றாள். "நான் ஒன்னும் உனக்காகப் பண்ணல, தெரிஞ்சுக்கோ. அந்தப் பசங்க கைய நீட்டி ஒரு பொய்ய சொல்றதுக்கு நான் ட்ரெய்னிங் குடுக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றாள். சரிடி என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் நடுரோட்டில் அழுதிருப்போம். வீட்டுக்கு வந்து அவளாகவே என்னிடம் நேராக உப்பைக் கேட்டாள். உன் அப்பா, "அப்பாடா, என் தபால்காரன் வேலை போச்சு" என்றார்.

நீ கேட்கப் போவது தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. அக்கா தங்கை பட்டறைக்கே மறுபடி சொல்லியிருக்கிறார்கள், நேரத்துக்குத் தர முடியாது என்று தாங்கள் சொல்லவே இல்லை என்று அந்த அக்கா போனில் என்னிடம் சொன்னாள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தலைவி விசாரிக்கிறார், அது எதில் முடியுமோ எனக்குத் தெரியாது. அதுவரை பிள்ளைகள் பழைய துண்டுப் பென்சிலிலேயே எழுதுகிறார்கள், விரலுக்கு எட்டாத துண்டுகளுக்குப் பழைய காலண்டர் தாளைச் சுருட்டிக் குழாய் செய்து மாட்டிக் கொடுக்கிறேன், நாலாம் வகுப்பில் அது இப்போது பெரிய பெருமை. நல்ல செய்தி இவ்வளவுதான். விசாரணை முடியும்வரை ஆபீஸ் மெல்லிசை கையில்தான், என்னை ஸ்டோரிலிருந்து எடுத்து நூலகத்துப் பின்னறையில் கிழிந்த புத்தகம் ஒட்டப் போட்டுவிட்டார்கள், ஜன்னல் இல்லாத அறை, ஆனால் ஃபேன் இருக்கிறது. விழாவின் ஒழுங்கைக் கெடுத்ததாக எனக்கு ஒரு மெமோ. உன் தங்கை நிரந்தரமாவதை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டார்கள். அதை அவள் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒரு வருஷம் தானே, அதுக்குள்ள இந்த பேட்ச் அஞ்சாவது போயிடும், அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள். அவள் அறையில் அழுதிருப்பாள், நான் கதவைத் தட்டவில்லை. அவளுக்கு நஷ்டம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அதில் என் பங்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி அந்தத் தாளை என் முன்னால் வைத்தால் மறுபடி அதையேதான் எழுதுவேன். அவளையும் கேட்டுப் பார்த்தேன், அவளும் அதையேதான் சொன்னாள்.

மெமோவுக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும், நடந்ததற்கு வருந்துகிறேனா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டேன், இரண்டே வரி. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். வருந்தவில்லை. இதைத் திருத்தித் தருகிறேன் என்று நீ கிளம்பாதே. நீ எனக்காகப் பயந்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும், பெரியவனே. சின்ன வயசிலேயே நீ அப்படித்தான், வகுப்பில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்பாய். அந்தக் குணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இனிமேல் என் பெயரில் எதையும் எழுதாதே. என்மேல் கோபம் என்றால் உன் பெயரில் எழுது, நாலு பக்கம் எழுது, உட்கார்ந்து படிக்கிறேன்.

நீயும் கடைக்குப் போனால் பெட்டியில் போட்ட இலையைப் பார்த்து ஏமாறாதே. பென்சில் வாங்கினால் ஒன்றை அங்கேயே சீவிப் பார், சீவின சுருள் விரலில் நசுங்கினால் வாங்கு, நீண்டு வந்தால் வைத்துவிடு. ஜிகினாவும் வேண்டாம், பழவாசனை ரப்பரும் வேண்டாம். பேனாவைத் தூக்கிப் போடாமல் மை நிரப்பி எழுதுகிற மாதிரி வாங்கு, மருமகள் பரீட்சைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கும், அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடு. அவள் ராத்திரியெல்லாம் படித்துவிட்டுச் சாப்பிடாமல் ஓடுகிறாளாம், அதைக் கவனி. நீயும் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நாற்காலி விஷயத்தை வெட்கப்படாமல் கேள், தர மாட்டேன் என்றால் எழுதிக் கேள், உனக்குத்தான் அழகாக எழுத வருகிறதே.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் தங்கையிடம் பேசு. எடுக்க மாட்டாள், உன்மேல் கோபமாக இருக்கிறாள். "ரெண்டு பேரும் சேந்து பைத்தியமாயிட்டீங்களா" என்று, விழாவில் நடந்ததை அவள் போனில் சொன்னதும் நீ கேட்டாயே, அது அவளுக்கு ஆறவில்லை. எடுக்கும்வரை அடி. எடுத்ததும் புத்தி சொல்ல ஆரம்பிக்காமல், அந்த மூன்றாவது வரியை எப்படி யோசித்தாய் என்று மட்டும் கேள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, அவள் ஒரு மணி நேரம் பேசுவாள்.

இப்படிக்கு,
போட வேண்டிய இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடும்
உன் அம்மா